செல்லோடேப்பை இருட்டில் உரித்துப் பாருங்கள்

போன மாதம் ஒரு ராத்திரி, ஒரு அட்டைப்பெட்டியை ஒட்ட வேண்டியிருந்தது. அறையில் குழந்தை தூங்கிக்கொண்டிருந்ததால் விளக்கைப் போடவில்லை. கை பழகிய வேலைதானே என்று இருட்டிலேயே டேப்பின் நுனியைத் தேடி, நகத்தால் கிள்ளிக் கிள்ளி ஒருவழியாகப் பிடித்து 'சர்ர்ர்' என்று இழுத்தேன். குழந்தை எழுந்துவிட்டது, அது தனிக் கதை. ஆனால் இழுத்த அந்த ஒரு விநாடியில், சுருளை விட்டு டேப் பிரிகிற ஓரத்தில் நீலமாக ஒரு மெல்லிய கோடு மின்னி மறைந்ததைப் பார்த்துவிட்டேன். மறுபடி இழுத்தேன். மறுபடி வந்தது. அன்றைக்குப் பாதிச் சுருள் காலி, பெட்டி ஒட்டப்படவே இல்லை.

நீங்களும் பார்க்கலாம், பொறுமைதான் வேண்டும். அறையை நன்றாக இருட்டாக்கிவிட்டு பத்து நிமிடம் சும்மா உட்காருங்கள். கண் இருட்டுக்குப் பழக அவ்வளவு நேரம் ஆகும், நடுவில் மொபைலைப் பார்த்தால் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். அப்புறம் டேப்பை முகத்துக்குக் கிட்டே வைத்துக்கொண்டு ஒரே சீராக உரியுங்கள். பசையுள்ள கவர்கள் இருக்கிறதே, தானே ஒட்டிக்கொள்ளும் வகை, அதை ஒட்டிவிட்டுப் பிரித்தாலும் சிலவற்றில் இதே வெளிச்சம் வரும்.

விஷயம் இதுதான். பசையும் அதன் கீழே இருக்கிற பிளாஸ்டிக்கும் பிரியும்போது ஒன்று மற்றதன் எலக்ட்ரான்களைக் கொஞ்சம் எடுத்துக்கொண்டு போய்விடுகிறது. ஒரு பக்கம் கூடுதல், ஒரு பக்கம் குறைவு, நடுவில் மயிரிழை இடைவெளி. அந்த இடைவெளியில் மின்புலம் தாங்க முடியாத அளவுக்கு ஏறும்போது காற்று உடைந்து அதன் வழியாக மின்சாரம் பாய்கிறது, காற்றிலுள்ள நைட்ரஜன் ஒளிர்கிறது. மின்னலிலும் இப்படித்தான் காற்று உடைகிறது, அளவுதான் மலைக்கும் மடுவுக்கும்.

இதே டேப்பை வெற்றிடத்தில் வைத்து உரித்தால் என்ன ஆகும் என்று லாஸ் ஏஞ்சலஸ் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் ஒரு குழு 2008இல் செய்து பார்த்தது. எக்ஸ்ரே வந்தது. உண்மையாகவே எக்ஸ்ரே, ஆய்வாளர் ஒருவரின் விரல் எலும்பைப் படம் எடுக்கிற அளவுக்கு. நேச்சர் இதழில் வெளிவந்த ஆய்வு இது. சோவியத் விஞ்ஞானிகள் 1953லேயே இப்படி வருகிறது என்று எழுதியிருந்தார்கள், பெரும்பாலோர் அதைக் கண்டுகொள்ளவில்லை. காற்று இருக்கும் இடத்தில் எலக்ட்ரான்கள் வேகம் பிடிப்பதற்குள் காற்று மூலக்கூறுகளில் முட்டிக்கொண்டு தளர்ந்துவிடும், அதனால் வீட்டில் டேப் உரிக்க யாரும் ஈயக் கவசம் போட்டுக்கொள்ள வேண்டியதில்லை.

பள்ளியில் நமக்குச் சொல்லித்தந்தது 'தேய்த்தால் மின்சாரம் வரும்' என்று. சீப்பைத் தலையில் தேய், பலூனைச் சட்டையில் தேய். ஆனால் டேப்பில் எங்கே தேய்த்தோம்? ஒட்டியது, பிரிந்தது, அவ்வளவுதான். தொடுவதும் பிரிவதும்தான் அடிப்படை; தேய்க்கும்போது பல இடங்களில் பலமுறை தொட்டுத் தொட்டுப் பிரிகிறது, அதனால் கூடுதலாக வருகிறது. இதற்கு ஒரு சுலபமான சோதனை உண்டு. மேஜையில் ஒரு டேப் துண்டை ஒட்டி அதன் முதுகில் இன்னொன்றை ஒட்டுங்கள். பக்கத்தில் இதேபோல இன்னொரு ஜோடி. ஒவ்வொரு ஜோடியையும் மேஜையிலிருந்து சேர்த்து எடுத்து, விரலால் ஒருமுறை மேலிருந்து கீழே தடவிவிட்டு, பிறகு சட்டென்று இரண்டாகப் பிரியுங்கள். மேல் துண்டுகள் இரண்டையும் கிட்டே கொண்டுவந்தால் ஒன்றையொன்று தள்ளிவிட்டு விலகும். கீழ்த் துண்டுகளும் அப்படியே. ஒரு மேல், ஒரு கீழ் என்று காட்டினால் பாய்ந்து ஒட்டிக்கொள்ளும், பிறகு பிரித்தெடுப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். மின்னூட்டத்தில் இரண்டு வகை உண்டு என்று 1733இல் பிரான்சில் டு ஃபே என்ற விஞ்ஞானி கண்டுபிடிக்க கண்ணாடிக் குழாயும் பிசினும் தேவைப்பட்டன, நமக்கு ஒரு சாண் டேப் போதும்.

சரி, நாற்காலியிலிருந்து எழுந்துபோய்க் கதவின் கைப்பிடியைத் தொட்டதும் சில நேரம் கையில் சுள்ளென்று அடிக்கிறதே, அதற்கு வருவோம்.

காற்று காய்ந்திருக்கிற நாட்களிலும் ஏசி அறையிலும்தான் இது அதிகம், ஏனென்றால் ஈரக் காற்றில் எல்லாப் பொருளின் மேலும் கண்ணுக்குத் தெரியாத நீர்ப்படலம் ஒன்று படிந்திருக்கும், மின்னூட்டம் அதன் வழியாகச் சத்தமில்லாமல் கசிந்துவிடும். பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருக்கும்வரை ஒன்றும் தெரியாது. உங்கள் துணியில் ஒரு வகை, நாற்காலியில் எதிர் வகை, இரண்டும் அருகருகே இருப்பதால் ஒன்றை ஒன்று அடக்கிவைத்திருக்கும். எழுந்திருக்கும்போதுதான் கூத்து. மின்னூட்டம் அதேதான், ஆனால் ஜோடியைப் பிரித்து விலக்குவதற்கு நீங்கள் செலவிட்ட உழைப்பில் ஒரு துளி வோல்ட்டாக ஏறிவிடுகிறது. நமக்கு ஷாக் உறைக்கவே ஏறக்குறைய 3,000 வோல்ட் வேண்டும், கம்பளத்தில் நடந்துவிட்டு வந்தால் 10,000 வோல்ட்டைக் கூடத் தாண்டலாம். காற்றை ஒரு மில்லிமீட்டர் உடைக்க 3,000 வோல்ட் அளவில் தேவை என்பதால், பொறி எவ்வளவு தூரம் தாண்டியது என்று பார்த்தாலே உங்கள் 'வோல்ட்டேஜ்' தோராயமாகத் தெரிந்துவிடும்.

அப்புறம் ஏன் சாகவில்லை? வோல்ட் அதிகம், சரக்கு குறைவு. 10,000 வோல்ட்டில் நிற்கும் மனித உடம்பில் இருக்கிற ஆற்றல் சுமார் 5 மில்லிஜூல், ஒரு கிராம் எடையை அரை மீட்டர் தூக்கினால் அதற்குள் தீர்ந்துபோகும். அதுவும் ஒரு மைக்ரோ விநாடிக்குள் பாய்ந்து முடிந்துவிடுகிறது. இதைப் பார்த்து அலட்சியமாகவும் இருந்துவிட முடியாது: பெட்ரோல் ஆவி காற்றோடு சரியான விகிதத்தில் கலந்திருந்தால் ஒரு மில்லிஜூலில் கால்பங்கு அளவே பற்றவைக்கப் போதும். அதனால்தான் பெட்ரோல் போட்டுக்கொண்டிருக்கும்போது நடுவில் காருக்குள் போய் உட்கார்ந்துவிட்டுத் திரும்பி வந்து குழாயைத் தொடாதீர்கள் என்கிறார்கள். அப்படிப் போனால் முதலில் கார் கதவின் உலோகத்தைத் தொட்டுவிட்டு வர வேண்டும்.

நான் கண்டுபிடித்த ஒரு வித்தை (நான்தான் முதல் ஆள் என்று சொல்லவில்லை). ஸ்க்ரூடிரைவர் மாதிரி இருக்குமே, உள்ளே குட்டி நியான் விளக்கு வைத்த டெஸ்டர், அதன் பின்பக்கத்து உலோகத்தைக் கட்டைவிரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு நாற்காலியிலிருந்து எழுந்து முனையை இரும்பு அலமாரியில் வையுங்கள். உள்ளே ஆரஞ்சு நிறத்தில் ஒரு சிமிட்டல், கையில் வலியே இல்லை. டெஸ்டருக்குள் இருக்கிற மின்தடை பாய்ச்சலை மெதுவாக்கிவிடுகிறது. அந்த நியான் விளக்குக்குள் இரண்டு குட்டித் தகடுகள் உண்டு, எதிர்மின் பக்கத்துத் தகடுதான் ஒளிரும். எனவே என் கைப்பக்கத்துத் தகடு ஒளிர்ந்தால் எதிர்மின்னூட்டம் என்னிடம், முனைப்பக்கம் ஒளிர்ந்தால் நான் நேர். பருத்திச் சட்டைக்கு ஒரு பக்கம், பாலியஸ்டர் சட்டைக்கு மறுபக்கம் என்று மாறி மாறி வந்தது. அலமாரிக்கும் நாற்காலிக்கும் நான் நடந்த நடையைப் பார்த்து வீட்டில் என்ன நினைத்தார்கள் என்பதை எழுத வேண்டாம்.

சீப்பும் காகிதத் துணுக்கும் எல்லோரும் பார்த்ததுதான். ஆனால் துணுக்கு போய் ஒட்டிக்கொள்வதோடு நாம் பார்ப்பதை நிறுத்திவிடுகிறோம். ஒரு நிமிடம் சீப்பை அசைக்காமல் பிடித்திருங்கள்: ஒட்டியிருந்த துணுக்குகளில் சில திடீரென்று எட்டி உதைத்ததுபோலத் தெறித்து விழும். சீப்பைத் தொட்டுக்கொண்டே இருந்ததில் அவையும் சீப்பின் மின்னூட்டத்தையே வாங்கிக்கொண்டன, இப்போது ஒரே வகை, ஒத்துப்போகாது. தெர்மாகோல் உருண்டைகள் கையை விட்டுப் போகாமல் உயிரை வாங்குவது ஏன் என்றால், தெர்மாகோல் வாங்கிய மின்னூட்டத்தை எளிதில் விட்டுக்கொடுக்காத பொருள். உதறினால் இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்குப் போகும், அவ்வளவே. ஈரத்துணியால் துடைத்தால் அடங்கிவிடும்.

குழாயில் நூல்போல வழிகிற நீருக்குப் பக்கத்தில் சீப்பைக் கொண்டுபோனால் நீர் வளையும், இதுவும் பழைய வித்தை. பல பாடப்புத்தகங்கள் நீர் மூலக்கூறுக்குத் துருவங்கள் உண்டு, அவை திரும்பி நிற்கின்றன, அதனால் இழுபடுகிறது என்று எழுதிவிட்டு நகர்ந்துவிடும். எனக்கு இதில் கோபம் உண்டு. மூலக்கூறுகள் திரும்புவதால் வருகிற விசை மிகச் சொற்பம். சீப்பைக் கண்டதும் நீரிலுள்ள அயனிகள் (மின்னூட்டமுள்ள துகள்கள்) இடம் மாறி, எதிர்வகை மின்னூட்டம் தாரையின் நுனிக்கு வந்து சேர்ந்து துளிகளோடு கிளம்பிவிடுகிறது. வளைவுக்குப் பெரும்பங்கு காரணம் அதுதான் என்று 2000ஆம் ஆண்டிலேயே வேதியியல் ஆசிரியர்களுக்கான ஆய்விதழில் விளக்கிவிட்டார்கள். இந்தச் சங்கதியை வைத்துத்தான் 1867இல் கெல்வின் பிரபு இரண்டு நீர்த்தாரைகளையும் நான்கு உலோகப் பாத்திரங்களையும் மட்டும் கொண்டு ஆயிரக்கணக்கான வோல்ட் உண்டாக்கிக் காட்டினார். அசையும் பாகம் என்று பார்த்தால் விழுகிற தண்ணீர் மட்டும்தான்.

ஜெராக்ஸுக்கு ஆரம்பமும் ஒரு கைக்குட்டைதான். 1938 அக்டோபர் 22 அன்று நியூயார்க்கின் அஸ்டோரியா பகுதியில் இந்த முறையைக் கண்டுபிடித்த செஸ்டர் கார்ல்சனின் உதவியாளர் ஓட்டோ கோர்னி, கந்தகம் பூசிய ஒரு துத்தநாகத் தகட்டைக் கைக்குட்டையால் தேய்த்தார், அன்றைய தேதியும் ஊர்ப்பெயரும் எழுதிய கண்ணாடித் துண்டை மேலே வைத்து வெளிச்சம் காட்டினார், வெளிச்சம் பட்ட இடத்தில் மின்னூட்டம் கசிந்துவிட, எழுத்தின் நிழல் விழுந்த இடத்தில் மட்டும் மிச்சம் நின்றது. மேலே பொடியைத் தூவி ஊதினார், எழுத்து நின்றது. எந்தக் கடையில் நகல் எடுத்தாலும், மெஷினை விட்டு வந்த சூட்டோடு இருக்கிற தாள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருப்பதைக் கவனித்திருப்பீர்கள். நாம் போட்ட என்95 முகக்கவசமும் இதே குடும்பம்தான்: அதன் இழைகளுக்கு நடுவில் இருக்கிற ஓட்டை பிடிபடும் துகளைவிடப் பெரிது, இழைகளில் நிரந்தரமாக ஏற்றிவைத்த மின்னூட்டம்தான் துகளை இழுத்துப் பிடிக்கிறது. அதை ஆல்கஹாலில் நனைத்துக் 'சுத்தம்' செய்தவர்கள் அந்த மின்னூட்டத்தைத்தான் கழுவி ஊற்றினார்கள். நானும் ஒருமுறை செய்திருக்கிறேன்.

இதெல்லாம் தெரிந்தும், இரண்டு பொருள் தொட்டுப் பிரிந்தால் யார் தருவார், யார் எடுப்பார் என்ற அடிப்படைக் கேள்விக்கு இன்னும் முழு விடை இல்லை. கிரேக்கர்கள் அம்பரை (கல்லாக இறுகிப்போன பழைய மரப்பிசின்) தேய்த்த காலத்திலிருந்து இருக்கிற கேள்வி. எலக்ட்ரான் என்பதே அவர்கள் அம்பருக்கு வைத்திருந்த பெயர்தான். 1757இல் வில்க்கே என்பவர் பொருள்களை வரிசைப்படுத்தி முதல் பட்டியல் போட்டார். கண்ணாடி, முடி, நைலான், கம்பளி எல்லாம் கொடுக்கும் பக்கம், பிவிசி, டெஃப்லான் எல்லாம் எடுக்கும் பக்கம் என்று இன்றும் அந்த மாதிரிப் பட்டியல்கள் உண்டு, ஆனால் ஒரு ஆய்வுக்கூடத்துப் பட்டியல் இன்னொன்றோடு முழுசாக ஒத்துப்போவதில்லை. இதைவிட வேடிக்கை, ஒரே பொருளின் இரண்டு துண்டுகளைத் தொட்டுப் பிரித்தாலும் மின்னூட்டம் வரும். 2011இல் வந்த ஓர் ஆய்வு, பிரிந்த பரப்பு முழுக்க ஒரே வகையாக இருப்பதில்லை, நேரும் எதிரும் திட்டுத்திட்டாக மொசைக் போலக் கிடக்கிறது என்று காட்டியது. 2025இல் ஆஸ்திரியாவில் ஒரே மாதிரியான சிலிகோன் துண்டுகளை வைத்துச் சோதித்தபோது, முதலில் யார் எடுப்பார் என்பது குருட்டாம்போக்காக இருந்தது. அதே பழைய துண்டுகளைத் திரும்பத் திரும்பத் தொடவைத்துச் சுமார் 200 முறை ஆனதும் ஒழுங்கான வரிசை ஒன்று தானாக அமைந்துவிட்டது. அதிகம் தொட்டுப் பழகிய துண்டு எதிர்மின்னூட்டம் எடுக்கிறதாம். துண்டுக்குத் தன் பழைய கதை நினைவிருக்கிறது என்றுதான் எனக்குச் சொல்லத் தோன்றுகிறது. பரப்பின் நுண்ணிய மேடுபள்ளங்கள் மழுங்குவதாக அவர்கள் பார்த்திருக்கிறார்கள்.

படித்ததும் சும்மா இருக்க முடியவில்லை. ஒரே பாக்கெட்டில் வந்த மூன்று பிளாஸ்டிக் ஸ்கேல்களை எடுத்துக்கொண்டேன். முதலாவதையும் மூன்றாவதையும் 200 முறை தட்டி, பிறகு முதலாவதைப் புதிதாக இருந்த இரண்டாவதோடு ஒருமுறை தொடவைத்துப் பிரித்து, தொங்கவிட்ட டேப் துண்டுக்குப் பக்கத்தில் காட்டினேன். முதல் தடவை பழைய ஸ்கேல் டேப்பைத் தள்ளியது, புதியது இழுத்தது. ஆகா என்று மறுபடி செய்தேன், அப்படியே தலைகீழாக வந்தது. மூன்றாம் தடவை 140 எண்ணிக்கொண்டிருந்தபோது வெளியே மழை பிடித்துவிட்டது, டேப் துண்டு எதற்கும் அசையாமல் ஈரத்துணி மாதிரித் தொங்கியது. ஸ்கேல்களை மூன்று தனிக் கவரில் போட்டுப் பெயர் எழுதி வைத்திருக்கிறேன். காற்று காயட்டும்.