25 பவுண்டு ரிக்‌ஷாவும் தாமஸ் டாஃப்டின் தாம்பாளமும்

முதலில் வயிற்றெரிச்சலைக் கொட்டிவிடுகிறேன். லண்டனில் ஹைட் பார்க் கார்னரிலிருந்து விக்டோரியா அண்ட் ஆல்பர்ட் மியூசியத்துக்குப் போக, தூறலுக்குப் பயந்து ஒரு சைக்கிள் ரிக்‌ஷாவில் ஏறினேன். "அஞ்சு பவுண்டு" என்றான். இறங்கும்போது சீட்டுக்குப் பின்னால் தொங்கிய அட்டையைத் திருப்பிக் காட்டுகிறான்: நிமிடத்துக்கு அஞ்சு பவுண்டாம்! எட்டு நிமிடத்துக்கு 40. நடுரோட்டில் நின்று கத்தி 25க்கு இறக்கினேன். அதே வழியில் 14, 74 என்று இரண்டு பஸ் போகிறது, அப்போது 1.75 பவுண்டுதான். அன்றைய சாப்பாட்டுக் காசு அங்கேயே போயிற்று.

மியூசியத்துக்கு டிக்கெட் கிடையாது என்பதுதான் ஒரே ஆறுதல். எதை எந்த வரிசையில் பார்ப்பது என்று எழுதி வைத்திருந்தேன். அந்தக் காகிதத்தை இப்போது மறந்துவிடலாம், ஏனென்றால் ஒரு தட்டின் முன்னால் அரை மணி நேரம் நின்றுவிட்டேன்.

தட்டு என்பதைவிடத் தாம்பாளம் என்பதே சரி. 17ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் இங்கிலாந்தின் ஸ்டாஃபோர்ட்ஷயர் பகுதிக் குயவர் தாமஸ் டாஃப்ட் கையால் செய்தது. நடுவில் ஒரு கடற்கன்னி, ஒரு கையில் சீப்பு, மறு கையில் கண்ணாடி. முகம் அப்படியொன்றும் அழகில்லை, முழி பிதுங்கியிருக்கிறது. ஆனால் அந்தக் கோடு! செம்மண் தட்டின் மேல் வெள்ளைக் களிமண் குழம்பைப் பூசி, மூக்கு வைத்த சின்னக் குடுவையிலிருந்து கரும்பழுப்புக் குழம்பை ஜிலேபி பிழிவதுபோல் ஒழுகவிட்டு வரைந்திருக்கிறார். ஒழுகியதை அழிக்க முடியாது, கை நின்றால் திட்டாகிவிடும். அந்தக் கோடுகளின் மேலேயே வரிசையாக வெள்ளைப் புள்ளிகள். குனிந்து பக்கவாட்டில் பார்த்தால் ஒவ்வொரு புள்ளியும் சின்னக் குமிழாகப் புடைத்து நிற்கிறது.

எல்லாவற்றுக்கும் மேல் ஈயம் கலந்த மெருகு. வெள்ளை மண்ணைத் தேன் நிறமாக்கியது அதுதான். ஈயம் விஷமாயிற்றே, இதில் சாப்பிட்டிருப்பார்களா என்று நானும் யோசித்தேன். இவ்வளவு பெரிய, அலங்காரமான தட்டுகள் பெரும்பாலும் பார்வைக்குத்தான், பந்திக்கு இல்லை என்கிறார்கள்.

விளிம்பைச் சுற்றி வலைப்பின்னல், அந்த விளிம்பிலேயே கடற்கன்னிக்குக் கீழே கட்டம் கட்டிப் பெரிய எழுத்தில் அவர் பெயர். நம் வீட்டு எவர்சில்வர் பாத்திரத்தில் வாங்கியவர் பெயரைத்தானே வெட்டுவோம்? இங்கே செய்தவர் பெயர், அதுவும் ஒளித்து மறைத்து இல்லை. பக்கத்து அறைகளில் ராஜா வீட்டுப் பீங்கான்கள் வழவழவென்று குவிந்து கிடக்கின்றன. எனக்கு அவற்றில் ஒன்றுகூட நினைவில்லை.

போட்டோ எடுத்தால் கண்ணாடிப் பெட்டியில் விளக்குதான் விழுகிறது, போனைச் சாய்த்துப் பிடியுங்கள்.

அப்புறம் கீழே கேம்பிள் ரூம் என்ற கேஃபே. தூணெல்லாம் மெருகிட்ட பீங்கான். ஸ்கோன் என்ற குட்டி பன்னும் டீயும் விலை அதிகம்தான், ரிக்‌ஷாக்காரனை நினைத்துக்கொண்டே வாங்கினேன். ஸ்கோன் வெதுவெதுப்பாக, வெண்ணெய் உருகி வழிய வந்தது. தட்டைப் புரட்டிப் பார்த்தேன், யார் பெயரும் இல்லை.