காக்ளியர் இம்ப்ளான்ட்: காதால் வைத்த நினைவாற்றல் சோதனையும் நிறுத்தி வைத்த ஃபைலும்

அம்மாவுக்கு உள்காதில் பொருத்திய கேட்கும் கருவிதான் காக்ளியர் இம்ப்ளான்ட். அதற்காகக் காதுக்கு வெளியே அணியும் புது ப்ராசஸருக்கு மெடிக்கல் எய்ட் (மருத்துவக் காப்பீடு) ஒருவழியாக அனுமதி தந்துவிட்டது. ஆனால் இடையில் இழுத்தடித்த ஆத்திரம் இன்னும் தணியவில்லை. டர்பனில் தமிழ் பேசும் பெரியவர்களை இதற்கான நினைவாற்றல் சோதனைக்கு அழைத்துப் போகிறவர்களுக்காக எழுதுகிறேன்.

ஆபரேஷன், கருவியை முதல்முறை இயக்கும் ஸ்விட்ச் ஆன், அதன் அளவுகளை அவர் காதுக்கு ஏற்ப அமைக்கும் மேப்பிங் எல்லாம் சிக்கலில்லாமல் முடிந்தவை. பிரச்சினை பேச்சுப் புரிதல் சோதனையோடு சேர்த்து வைத்த நினைவாற்றல் சோதனையில் வந்தது. எண்களை ஆங்கிலத்தில் வாயால் சொல்லி, அப்படியே திருப்பிச் சொல்லச் சொன்னார்கள், பிறகு கடைசியிலிருந்து. அம்மா தடுமாறினார். 'நினைவாற்றல் குறைவு, புதுக் கருவியால் பலன் சந்தேகம்' என்று அறிக்கை வந்தது. அந்த ஒரு வரியைக் காட்டி மெடிக்கல் எய்டில் ஃபைலை நிறுத்திவிட்டார்கள்.

இது பெரிய அநியாயம். பெரும்பாலான நிறுவனங்களின் இம்ப்ளான்ட்டில் மின்முனைகள் 12 முதல் 22 வரைதான். ஒலியின் மேலோட்டமான ஏற்ற இறக்கம் போய்ச் சேரும், நுணுக்கம் சேராது. 'ஃபைவ்', 'நைன்' இரண்டிலும் நடு உயிரொலி ஒன்றே. வந்தது எது என்று தீர்மானிக்கவே மனம் உழைக்கும்போது, முன்னால் கேட்ட எண் நழுவிவிடும். காதின் குறை நினைவின் கணக்கில் ஏறிவிடுகிறது.

பிரிட்டோரியா பல்கலைக்கழகத்தில் உருவாகி 2016இல் வந்த ஹியர்ஸெட்ஏ செவிச் சோதனையில் ஒரு முறைக்கு மூன்று எண்கள்தான். அவ்வளவு சின்னதாக இருந்தால் நினைவுக்குச் சுமை அதிகம் ஏறாது. காதின் குறை நினைவின் கணக்கில் ஏறுவதையும் சேர்த்துக் கடிதத்தில் எழுதி, எண்களைக் கண்ணால் பார்க்கும்படி வைக்கக் கேட்டோம். வேறொரு ஆடியாலஜிஸ்ட் (செவித்திறன் நிபுணர்) ஒப்புக்கொண்டார். திரையில் நொடிக்கு ஓர் எண். பதிலை அம்மா எழுதிக் கொடுத்தார். பிறகு வாக்கியங்களைப் படித்து, பொருள் சரியா என்று சொல்லி, கடைசிச் சொற்களை நினைவுகூரும் சோதனை. வயதுக்கு ஏற்ற அளவுதான் என்று முடிவு வந்தது. பெரிய நிம்மதி.

அதோடு முடியவில்லை. புது அறிக்கையைக் கொண்டுபோனால் மெடிக்கல் எய்ட் கவுன்டரில் இருந்தவர், "பழைய ரிப்போர்ட் அப்படியே இருக்கே, ஆன்ட்டி" என்று திருப்பி அனுப்பிவிட்டார். முதல் அறிக்கை எழுதியவரே 'காதால் வைத்த சோதனை, இதை நினைவாற்றல் முடிவாகக் கொள்ள வேண்டாம்' என்று கையெழுத்திட்டுத் தர வேண்டியிருந்தது. இந்த வரியை முதலிலேயே வாங்கிவிடுங்கள், ஒரு அலைச்சல் மிச்சம்.

சோதனை காலை நேரத்தில் இருக்கட்டும். கேட்டுக் கேட்டுக் களைத்த மாலையில் மதிப்பெண் விழும். அன்றைக்கே மேப் மாற்றியிருந்தால் தேதி தள்ளிக் கேளுங்கள். டர்பன் ஈரப்பதத்தில் மைக் கவர் சீக்கிரம் அடைபடும், புதிதாக மாற்றிக்கொண்டு போங்கள். மின்சாரம் எப்போது போகும் என்று சொல்ல முடியாது. சார்ஜ் பேட்டரியோடு, உங்கள் மாடல் ஏற்குமானால் இம்ப்ளான்ட்டுக்கான 675 பேட்டரியும் பையில் இருக்கட்டும்.

மதிப்பெண்ணை மட்டும் வாங்கிக்கொண்டு வராதீர்கள், எங்கெங்கே தவறினார் என்று குறித்த பிழைத் தாளையும் கேளுங்கள். சின்ன வாக்கியம் சரியாக வந்து, நீண்டதில் மட்டும் சொற்கள் விடுபட்டால் சுமை நினைவில் இருக்கலாம். தனிச் சொல்லே தவறினால் மேப்பைப் பாருங்கள். வீட்டில் தமிழில் சோதித்தால் இன்னும் தெளிவாகும்: 'பல்', 'பால்' நீளத்தால் பிரிந்துவிடும், 'பல்லி', 'பள்ளி' பிரிவது கடினம். வாயைப் பார்க்க விடாமல் சொல்லுங்கள். சோதனை ஆங்கிலத்தில் நடந்தால், வீட்டு மொழி தமிழ் என்று அறிக்கையில் எழுதச் சொல்வதும் அவசியம்.

நினைவுப் பயிற்சி ஆப்களுக்கு ராண்டைக் கொட்டாதீர்கள். விளையாட்டில் புள்ளி ஏறும், அதனால் பேச்சு புரியும் என்பதற்கு உறுதியில்லை. அந்த நேரத்தில் அச்சில் உள்ளதைப் பார்த்துக்கொண்டே ஒலிப்பதிவைக் கேட்பது, பிறகு தாளை மூடிவிட்டு அதையே மறுபடி கேட்பது, தினம் இருபது நிமிடம்: அம்மாவுக்குக் கைகொடுத்தது இதுதான்.