பிழையே வராமல் பாஸ் ஆன டெஸ்ட்: என் பைத்தான் பிராக்டிகல்

ஐந்தாவது செமஸ்டர் பைத்தான் பிராக்டிகலில் எனக்கு விழுந்தது எக்ஸெப்ஷன் ஹேண்ட்லிங், அதாவது புரோகிராம் ஓடும்போது வரும் பிழைகளைச் சமாளிப்பது. ஈசியான கேள்விதான். எடையும் விலையும் வாங்கித் தொகை சொல்லும் ஒரு ஃபங்ஷன், எடை பூஜ்யமோ மைனஸோ ஆனால் வேல்யூஎரர் (மதிப்பு சரியில்லை என்கிற பிழை) எழுப்ப வேண்டும், அதற்குப் பைத்தானோடு வரும் டெஸ்ட் கருவியான யூனிட்டெஸ்டில் ஒரு டெஸ்டும் வேண்டும். எங்கள் வீடு குலசேகரம் பக்கம், அப்பா ரப்பர் மரத்தில் பால்வெட்டுக்குப் போகிறவர், ரப்பர் ஷீட்டை எடை போட்டுத் துண்டுச் சீட்டில் கணக்கு எழுதுவதைச் சின்ன வயசிலிருந்தே பார்த்தவன் என்பதால் கை தானாக ஓடியது. அரை மணி நேரத்தில் முடித்து, ஓட்டிப் பார்த்து, ஓகே என்று வந்ததும் சாய்ந்து உட்கார்ந்துவிட்டேன்.

எக்ஸ்டர்னல் எக்ஸாமினர் சார் வந்து திரையைப் பார்த்தார். "அந்த ரெய்ஸ் வரியை எடுத்துட்டு அங்க பாஸ்னு போடு. மறுபடி ஓட்டு" என்றார். ரெய்ஸ்தான் பிழையை எழுப்பும் வரி, பைத்தானில் பாஸ் என்று எழுதினால் எதுவும் செய்யாதே என்று அர்த்தம். போட்டேன், ஓட்டினேன். மறுபடியும் ஓகே!

"அப்போ இவ்வளவு நேரம் உன் டெஸ்ட் எதைத்தான் பாத்துச்சு மக்கா?"

பதில் சொல்ல வரவில்லை. நான் செய்திருந்தது இதுதான்: டெஸ்டுக்குள் ஒரு டிரை, அதில் மைனஸ் எடையோடு ஃபங்ஷனைக் கூப்பிட்டேன், கீழே எக்ஸெப்ட் வேல்யூஎரர், அதற்குள் பாஸ். பிழை வந்தால் எக்ஸெப்ட் பிடித்துக்கொள்ளும், டெஸ்ட் பாஸ். பிழை வரவே இல்லையென்றால் டிரை சும்மா முடியும், அப்போதும் பாஸ். எப்படி ஓட்டினாலும் தோற்க முடியாத டெஸ்ட். எக்ஸெப்ஷன் பாடத்தைப் படிக்கும் நம்மில் பாதிப் பேர் முதலில் இப்படித்தான் எழுதுகிறோம் என்று நினைக்கிறேன், ஏனென்றால் பாடத்தில் பிழையைப் பிடிக்கத்தான் சொல்லித் தருகிறார்கள், டெஸ்டிலோ பிழை வந்தே ஆக வேண்டும் என்று அடம்பிடிக்க வேண்டும்.

அதற்குத்தான் யூனிட்டெஸ்டில் அசெர்ட்ரெய்ஸஸ் இருக்கிறது, சொன்ன பிழை வராவிட்டால் டெஸ்டைத் தோற்கடித்துவிடும். பைடெஸ்ட் என்ற இன்னொரு டெஸ்ட் கருவி என்றால் ரெய்ஸஸ். வித் போட்டு, உள்ளே ஃபங்ஷனைக் கூப்பிடுகிற அந்த ஒரே வரியை மட்டும் வையுங்கள். உள்ளே நாலைந்து வரி வைத்தால் எந்த வரி பிழை எழுப்பியது என்று தெரியாது, பிழை வந்த வரிக்குக் கீழே இருப்பதும் ஓடவே ஓடாது. வித் இல்லாமல் எழுதினால் ஃபங்ஷனின் பெயரையும் அதற்குக் கொடுக்கும் மதிப்பையும் கமா போட்டுத் தனித்தனியாகத் தர வேண்டும். அடைப்புக்குறி போட்டு அங்கேயே கூப்பிட்டுவிட்டால், அசெர்ட்ரெய்ஸஸ் கைக்குப் போகும் முன்பே பிழை வெடித்துவிடும். இன்னொன்று, பிழை வகை இடத்தில் பொத்தாம்பொதுவாக எக்ஸெப்ஷன் என்று போடாதீர்கள். ஃபங்ஷனுக்குள் ஒரு வேரியபிள் பெயரை எழுத்துப்பிழையோடு அடித்து நேம்எரர் வந்தால்கூட அது சந்தோஷமாகப் பாஸ் ஆகிவிடும்.

அந்தத் தடவை எப்படியோ ஒப்பேற்றிக் கரையேறினேன், மார்க்கைப் பற்றிப் பேச வேண்டாம். ஆனால் அதற்குப் பிறகு படிக்கிற முறையை மாற்றினேன். குலசேகரத்திலிருந்து தக்கலை வழியாக நாகர்கோவில் வடசேரி வரும் பஸ்ஸில் ஜன்னலோர சீட் கிடைத்தால் ஒரு நோட்டில் ஏதாவது உள்ளீட்டை எழுதுவேன், பிழை வருமா, வந்தால் எந்த வகை என்று பக்கத்திலேயே ஊகித்து எழுதுவேன், லேபில் போய் ஓட்டிப் பார்ப்பேன். ஊகம் தப்பிய இடங்களில்தான் நிஜமாகவே படித்தேன்.

சிலதைச் சொல்கிறேன். 12.7 என்பதை ஸ்ட்ரிங்காக, அதாவது மேற்கோள் குறிக்குள் எழுத்தாக, முழு எண்ணாக மாற்றும் இன்ட்டுக்குக் கொடுத்தால் வேல்யூஎரர். அதையே எண்ணாகக் கொடுத்தால் சத்தமில்லாமல் 12 ஆக்கிவிடும். None, அதாவது பைத்தானில் 'ஒன்றுமில்லை' என்கிற மதிப்பைக் கொடுத்தால் டைப்எரர். ஸ்ட்ரிங்கில் 1,000 என்று கமா இருந்தால் பிழை, ஆனால் 1_000 என்று அடிக்கோடு இருந்தால் ஏற்றுக்கொள்ளும். லிஸ்டில் இல்லாத இடத்தைக் கேட்டால் இன்டெக்ஸ்எரர், அதே இடம் வரைக்கும் ஸ்லைஸ் (லிஸ்டின் ஒரு துண்டு) கேட்டால் மூச்சே விடாது. எனக்கு ரொம்பப் பிடித்தது தமிழ் எண்கள்: "௧௨" என்ற ஸ்ட்ரிங்கை இன்ட்டுக்குக் கொடுங்கள், அழகாக 12 வரும், ஆனால் பத்தைக் குறிக்கும் "௰" கொடுத்தால் வேல்யூஎரர். இது எந்தப் பரீட்சையிலும் வராது, ஆனாலும் இதைப் பார்த்த அன்று பக்கத்து சீட்டுக்காரனையும் இழுத்து வைத்துக் காட்டினேன்.

இதில் மோசமானது தசம எண்ணாக மாற்றும் ஃப்ளோட். ஸ்ட்ரிங்காக 'நான்' கொடுத்தால் பிழை வராது. அதாவது ஆங்கிலத்தில் என், ஏ, என் என்ற மூன்று எழுத்து, எண் அல்லாத எண். என் ஃபங்ஷன் எடை பூஜ்யத்துக்குக் கீழேயா அல்லது சமமா என்று பார்த்தது. 'நான்' எதைவிடவும் சிறிதா, பெரிதா, எதற்காவது சமமா என்று ஒப்பிட்டாலும் பொய் என்றே வரும், ஆகவே என் காவலைத் தாண்டி உள்ளே வந்து, தொகையும் 'நான்' ஆகிவிடும். மேத் மாட்யூலில் உள்ள இஸ்ஃபைனைட் வைத்துப் பார்த்தால் இதுவும் முடிவிலியும் சேர்ந்தே மாட்டும்.

வைவாவில், டிரை, எக்ஸெப்டுக்குக் கடைசியில் வரும் ஃபைனலி பற்றிக் கேட்காமல் விடமாட்டார்கள். எப்போதும் ஓடும் என்று எல்லாரும் சொல்லிவிடுவோம், அதோடு நிற்காதீர்கள். ஃபைனலிக்குள் ரிட்டர்ன் எழுதினால் மேலே எழும்பிய பிழை அப்படியே விழுங்கப்பட்டுவிடும், ஃபங்ஷனைக் கூப்பிட்டவனுக்கு ஒன்றுமே தெரியாது. பைத்தான் 3.14 இப்படி எழுதினால் சின்டாக்ஸ்வார்னிங் காட்டுகிறது. பிழை வகை எழுதாத வெறும் எக்ஸெப்ட் ஏன் கூடாது என்றும் கேட்பார்கள்: கன்ட்ரோல் சி அழுத்தி நிறுத்தப் பார்த்தால் அதையும் அது பிடித்துக்கொள்ளும். உள்ளீட்டைச் சரிபார்க்க, நிபந்தனை பொய்யானால் பிழை எழுப்பும் அசெர்ட் வரி போதாதா என்றால், பைத்தானை மைனஸ் ஓ (-O) என்ற ஆப்ஷன் போட்டு ஓட்டினால் எல்லா அசெர்ட்டும் காணாமல் போகும் என்று சொல்லுங்கள்.

பிராக்டிகலில் கடைசி ஐந்து நிமிஷத்தை உங்கள் புரோகிராமை நீங்களே கெடுக்க ஒதுக்கி வையுங்கள். ரெய்ஸ் வரியைப் பாஸ் ஆக்குங்கள், டெஸ்ட் தோற்கிறதா பாருங்கள், தோற்றால் பழையபடி மாற்றிவிட்டுச் சாரைக் கூப்பிடுங்கள்.

லீவில் அந்தப் புரோகிராமைச் சரிசெய்து ஃபோனில் ஏற்றி அப்பாவிடம் நீட்டினேன், ஷீட்டு எடையைப் போடுங்க என்றேன். யோசித்து யோசித்து "பன்னிரண்டரை" என்று எழுத்தில் அடித்தார். நோட்டில் எழுதி வைத்திருந்த அத்தனை உள்ளீட்டிலும் அது மட்டும் இல்லை. வேல்யூஎரர் சரியாகத்தான் வந்தது, அன்று ராத்திரியே அதையும் டெஸ்டில் சேர்த்தேன்.