நாலு மில்லி செகண்ட் குவெரி

விடியற்காலை 3 மணிக்குத் திணறுகிற டேட்டாபேஸைக் காலை 10 மணிக்கு உட்கார்ந்து பார்த்தால் எல்லாம் ஒழுங்காகத்தான் இருக்கும். எங்களுக்கு இருந்த தலைவலியே அதுதான். கோயம்பேடு மொத்த மார்க்கெட்டில் காய்கறி மண்டிகளுக்கு பில் போடும் சாஃப்ட்வேரைப் பார்த்துக்கொள்கிறோம். லோடு ராத்திரியில் இறங்கும். விடிவதற்குள் பெரும்பாலான வியாபாரம் முடிந்துவிடும். நாங்கள் பெருங்குடி ஆபீசுக்கு வந்து சேரும் நேரத்தில் சர்வர் சும்மா கிடக்கும், புகார் மட்டும் வந்திருக்கும். "தம்பி, சிட்டை போட்டா சுத்திக்கிட்டே நிக்குது. வண்டிக்காரங்க கத்துறாங்க, கொஞ்சம் என்னன்னு பாருங்க" என்று ஒரு மண்டிக் கணக்குப்பிள்ளை வாய்ஸ் மெசேஜ் அனுப்பியிருந்தார். பின்னால் ஹாரன் சத்தம் கேட்டது.

ஒரு வினாடிக்கு மேல் ஓடும் குவெரிகள் (டேட்டாபேஸிடம் கேட்கும் கேள்விகள்) லாக் என்கிற பதிவேட்டில் விழும்படி ஏற்கெனவே வைத்திருந்தோம். அதில் சிக்கியவை எல்லாம் பகலில் யாரோ எடுக்கும் மாத அறிக்கைகள். 3 மணி பக்கத்தில் லாக் கிட்டத்தட்ட காலி. ஆனால் அதே நேரத்துக்கான சிபியு வரைபடம் உச்சியில் நிற்கிறது. டிஸ்க் பழசு, எஸ்எஸ்டி மாற்றிவிடலாம் என்று ஆபீசில் பேச்சு ஓடியது. பணம் செலவழிக்கும் முன்னால் அளந்து பார்த்துவிடுவோம் என்று கேட்டுக்கொண்டேன்.

எங்கள் டேட்டாபேஸ் போஸ்ட்கிரெஸ். அதோடு கூடவே வரும் பிஜி ஸ்டாட் ஸ்டேட்மென்ட்ஸ் என்கிற எக்ஸ்டென்ஷன் (கூடுதல் வசதி) 2009-இல் வந்த 8.4 பதிப்பிலிருந்தே இருக்கிறது. நாம் தூங்கும்போதும் அது கணக்கு எழுதிக்கொண்டே இருக்கும். எந்தக் குவெரி எத்தனை தடவை ஓடியது, மொத்தம் எவ்வளவு நேரம் தின்றது, எத்தனை பிளாக் (டேட்டா துண்டு) தொட்டது என்று எல்லாம் கூட்டி வைக்கும். 9.2 பதிப்பிலிருந்து குவெரிக்குள் இருக்கும் மதிப்புகளை எடுத்துவிட்டு, ஒரே வடிவக் குவெரிகளை ஒரே வரியில் சேர்க்கிறது. பார்ட்டி (வாடிக்கையாளர்) எண் 118 ஆனாலும் 2040 ஆனாலும் அந்த இடத்தில் டாலர் 1 என்றுதான் இருக்கும். இந்த ஒரு வசதி இல்லையென்றால் எங்கள் விஷயம் கடைசிவரை பிடிபட்டிருக்காது.

இதைப் போட சர்வரை ரீஸ்டார்ட் செய்தே ஆக வேண்டும். ஷேர்டு ப்ரீலோடு லைப்ரரிஸ் என்கிற அமைப்பில் பெயரைச் சேர்த்தால்தான் அது நினைவகத்தில் இடம் பிடிக்கும். வெறும் ரீலோடு போதாது. அங்கே ஏற்கெனவே வேறு பெயர் இருந்தால் அழிக்காமல் கமா போட்டுப் பக்கத்தில் சேர்க்க வேண்டும். டேட்டாபேஸைப் பராமரிக்கும் எங்கள் டிபிஏ மேடத்திடம் கேட்டபோது, "ரீஸ்டார்ட்னா ராத்திரிதானே பண்ணணும்?" என்றார். எங்களுக்கு எல்லாமே தலைகீழ். மத்தியானம் 2 மணிக்கு மார்க்கெட் பில்லிங் கிட்டத்தட்ட நின்றிருக்கும். அப்போதுதான் செய்தோம். அப்புறம் அந்த டேட்டாபேஸுக்குள் போய் கிரியேட் எக்ஸ்டென்ஷன் ஓட்ட வேண்டும். ப்ரீலோடு செய்யாமல் இதை மட்டும் ஓட்டினால் அதுவும் வெற்றி என்றே சொல்லும். அந்தக் கணக்கைக் காட்டும் வியூவைத் தொடும்போதுதான் பிழை வரும். பலர் மாட்டிக்கொள்வது இந்த இடத்தில்தான்.

என் லாகினில் முதலில் மற்ற யூசர்களின் குவெரி எதுவும் தெரியவில்லை, அனுமதி போதாது என்று மட்டும் வந்தது. பிஜி மானிட்டர் என்கிற ரோலை மேடம் கொடுத்ததும் தெரிந்தது. சூப்பர்யூசர் கேட்டுக் கெஞ்ச வேண்டியதில்லை. இணையத்தில் கிடைக்கும் பழைய உதாரணங்களில் டோட்டல் டைம் என்று இருக்கும் நெடுவரிசை, 13-ஆம் பதிப்பிலிருந்து டோட்டல் எக்ஸெக் டைம் ஆகிவிட்டது. இதையும் தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது.

எண்கள் எல்லாம் கூட்டிக்கொண்டே போகும் எண்கள். பகல் வேலையும் ராத்திரி வேலையும் கலந்துவிடும். அதனால் ரீசெட் செய்யாமல், மணிக்கு ஒரு முறை மொத்த வியூவையும் நேரத்தோடு ஒரு டேபிளில் நகலெடுக்கும் கிரான் (குறித்த நேரத்தில் தானாக ஓடும் வேலை) போட்டோம். 2 மணி நகலை 6 மணி நகலிலிருந்து கழித்தால் மார்க்கெட் நேரக் கணக்கு மட்டும் தனியாக நிற்கும். இந்தக் கழித்தல்தான் எல்லாவற்றையும் திறந்துவிட்டது என்பேன்.

சராசரி நேரத்தை வைத்து வரிசைப்படுத்தினால் அதே மாத அறிக்கைகள்தான் மேலே வந்தன. மொத்த நேரத்தை வைத்து வரிசைப்படுத்தியதும் முதல் வரியில் யாரும் சந்தேகப்படாத ஒரு சின்னக் குவெரி: ஒரு பார்ட்டியின் பேரேட்டுத் தொகைகளைக் கூட்டி, பாக்கி எவ்வளவு என்று சொல்வது. சராசரி 4 மில்லி செகண்ட். ஓடியது சுமார் 9 லட்சம் தடவை. பெருக்கிப் பாருங்கள், 3,600 வினாடி. அந்த நாலு மணி நேரத்துக்குள் ஒரு முழு மணி நேர வேலையை இந்த ஒன்றே செய்திருக்கிறது. ஒவ்வொரு தடவையும் நாலே மில்லி செகண்ட் என்பதால் ஒரு வினாடி லாக் இதைப் பிடிக்க வழியே இல்லை.

ஏன் இத்தனை தடவை? புது பில் திறக்கும்போது அந்தக் கடையின் வாடிக்கையாளர் பட்டியல் வரும், ஒவ்வொரு பெயருக்கும் எதிரே பாக்கி தெரியும். மண்டியில் பாக்கி பார்க்காமல் யாரும் சரக்கு தூக்கிக் கொடுக்க மாட்டார்கள், அதனால் அந்த நெடுவரிசை அவசியம். ஆனால் 200 பெயர் இருந்தால் ஓஆர்எம் (சாஃப்ட்வேருக்காகக் குவெரிகளை எழுதிக்கொடுக்கும் பகுதி) 200 குவெரி அனுப்புகிறது. ஒரு பில்லுக்கே 0.8 வினாடி போய்விட்டது. எல்லாக் கடையும் ஒரே நேரத்தில் பில் போட்டால் சிபியு எங்கே தாங்கும்?

வியூவில் பக்கத்து நெடுவரிசைகள் இன்னொன்றும் சொல்லின. பிளாக்குகள் ஏறக்குறைய முழுவதும் நினைவகத்திலிருந்தே எடுக்கப்பட்டிருந்தன. வெளியிலிருந்து படித்த கணக்கு பூஜ்யத்துக்குப் பக்கத்தில். ஒரு தடவைக்கு சுமார் 1,000 பிளாக், 8 கேபி வீதம் 8 எம்பி. டிஸ்க் இதில் வரவே இல்லை. எஸ்எஸ்டி பேச்சு அன்றோடு நின்றது.

குவெரி எந்த வழியில் ஓடுகிறது என்று காட்டும் எக்ஸ்ப்ளெயின் அனலைஸை, பஃபர்ஸோடு (பிளாக் கணக்கோடு) போட்டுப் பார்த்தோம். பார்ட்டி எண்ணில் இன்டெக்ஸ் (வேகமாகத் தேட உதவும் அட்டவணை) இருந்தது, ஆனால் தொகையை எடுக்க ஒவ்வொரு வரிக்கும் டேபிளுக்குப் போய்வந்தது. தொகையையும் இன்க்ளூடில் சேர்த்து ஒரு புது இன்டெக்ஸை, எழுதுவது தடைபடாமல் இருக்க கன்கரன்ட்லி முறையில், மத்தியானம் போட்டோம். டேபிளை வேக்யூமும் (துப்புரவு) செய்ததும் இன்டெக்ஸ் ஒன்லி ஸ்கேன் வந்தது, அதாவது டேபிளுக்குப் போகாமல் இன்டெக்ஸிலேயே வேலை முடிந்தது. அடுத்த வெளியீட்டில் 200 குவெரியையும் க்ரூப் பை வைத்து ஒன்றாக்கினோம். மறுநாள் கழித்தலில் பாக்கிக் குவெரி முதல் பக்கத்திலேயே இல்லை. கணக்குப்பிள்ளையிடமிருந்து மெசேஜும் இல்லை.

நடுவில் ஒரு தொல்லை. நகல்களில் சில குவெரிகள் ஒரு மணி நேரம் இருந்தன, அடுத்த மணி காணோம். இந்த எக்ஸ்டென்ஷன் இயல்பாக 5,000 விதக் குவெரிகளைத்தான் வைத்திருக்கும். மிஞ்சினால் குறைவாக ஓடியவற்றைத் தள்ளிவிடும். 14-ஆம் பதிப்பிலிருந்து இருக்கும் இன்ஃபோ வியூவில் டிஅல்லாக் (இப்படித் தள்ளிவிட்ட தடவைகள்) என்ற எண் ஏறிக்கொண்டே போனது. காரணம் குவெரியில் பல மதிப்புகளை ஒன்றாகக் கேட்கும் இன் (IN) பட்டியல்கள். 3 பொருள் கேட்டால் ஒரு வரி, 4 கேட்டால் வேறு வரி என்று இடத்தை நிரப்பிவிட்டன. பட்டியலை ஒரே அரேயாக எனி (ANY) என்று அனுப்பும்படி மாற்றினோம், அடங்கிவிட்டது. 18-ஆம் பதிப்பில் இப்படிப்பட்ட பட்டியல்களை அதுவே ஒன்றாகச் சேர்த்துக்கொள்கிறது.

இதைப் போட்டுவிட்டோம் என்று லாக்கைத் தூக்கிவிடாதீர்கள். டைம்அவுட் ஆகி வெட்டப்பட்ட குவெரியும் பிழையில் முடிந்த குவெரியும் இந்தக் கணக்கில் ஏறாது. இப்போது காலையில் வந்ததும் முதலில் கழித்தல் பட்டியல், அடுத்து லாக்கில் டைம்அவுட் வரிகள் என்று இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துத்தான் பார்க்கிறோம்.