கால் நிறத்தை நம்பாதீர்கள்: உள்ளான்களைப் படித்த விதம்

பறவை பார்ப்பதில் ஓரளவு தேறியவர்கள்கூட சேற்றில் மேயும் உள்ளான் (சேண்ட்பைப்பர் போன்ற கரையோரப் பறவைகள்) கூட்டத்தைக் கண்டதும் பைனாகுலரை இறக்கிவிடுவார்கள். எல்லாமே பழுப்பு, எல்லாவற்றுக்கும் வயிறு வெள்ளை, எல்லாமே தலையைக் குனிந்து எதையோ கொத்திக்கொண்டிருக்கும். கையேட்டைத் திறந்தால் ஒரே பக்கத்தில் வரிசையாகப் படங்கள், அதில் பாதி இனப்பெருக்கக் கால நிறத்தில் இருக்கும், குளிர்காலத்தில் வலசை வந்த இடத்தில் அந்த நிறமே இருக்காது. அதனால் கையேட்டை முதலிலிருந்து மனப்பாடம் செய்யும் வழியை நான் யாருக்கும் சொல்வதில்லை.

எனக்குக் கைகொடுத்தது ஒரே ஒரு பறவையைப் பிடித்துக்கொண்டது. பொரி உள்ளான், அதாவது வுட் சேண்ட்பைப்பர். வேறு எது வந்தாலும் விட்டுவிட்டு அதையே பார்த்தேன்: எப்படி நடக்கிறது, தலையோடு ஒப்பிட்டால் அலகு எவ்வளவு நீளம், முதுகுப் புள்ளிகள் எவ்வளவு தூரத்திலிருந்து தெரிகின்றன, வெயில் மாறினால் அதே பறவை எப்படி மாறித் தெரிகிறது. உங்கள் பக்கம் அதிகம் வருவது வேறொன்று என்றால் அதை எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்று நன்றாக மனதில் ஏறிவிட்டால் மற்றவை 'அதைவிடக் குண்டு', 'அதைவிடக் கறுப்பு' என்று தாமாகவே பிரிந்து நிற்கும்.

பொரி உள்ளானோடு அதிகம் குழம்புவது கிரீன் சேண்ட்பைப்பர். இரண்டுக்கும் முதுகில் புள்ளி, இரண்டுக்கும் பிட்டம் வெள்ளை. நான் முதலில் பார்ப்பது புருவக் கோட்டைத்தான். பொரி உள்ளானுக்கு அந்த வெள்ளைக் கோடு கண்ணைத் தாண்டிப் பின்னால் ஓடும். கிரீனுக்குக் கண்ணுக்கு முன்னாலேயே நின்றுவிடும், கண்ணைச் சுற்றி மெல்லிய வெள்ளை வளையம் மட்டும் இருக்கும். கிரீனின் முதுகு இருண்டது, புள்ளிகள் பொடிப்பொடியாக இருக்கும், கொஞ்சம் தள்ளி நின்றாலே மறைந்துவிடும். பறந்தால் சந்தேகமே வேண்டாம்: கிரீனின் இறக்கையடி கிட்டத்தட்ட கறுப்பு, பொரி உள்ளானுடையது வெளிர் நிறம். கூட வரும் மூன்றாவது ஆள் காமன் சேண்ட்பைப்பர். அது வாலை ஆட்டுவதை நிறுத்தாது. ஆனால் மற்ற இரண்டும் கொஞ்சம் ஆட்டும் என்பதால் அதை மட்டும் வைத்து முடிவு கட்டாதீர்கள். மடித்த இறக்கைக்கு முன்னால், தோளருகே வெள்ளை ஏறி நிற்கிறதா என்று பாருங்கள். பறக்கும்போது தண்ணீரை ஒட்டி, இறக்கையை விறைப்பாக வைத்து, சின்னச் சின்னதாக அடித்துக்கொண்டு போகும், பிட்டத்தில் வெள்ளை இருக்காது.

கால் நிறத்துக்கு வருவோம். எல்லோரும் முதலில் பார்ப்பது இதைத்தான், அதிகம் ஏமாற்றுவதும் இதுதான். கொசு உள்ளானுக்குக் கால் கறுப்பு, டெம்மிங்க் உள்ளானுக்கு மஞ்சள் கலந்த பச்சை என்று புத்தகம் சொல்வது சரிதான், ஆனால் சேறு அப்பிவிட்டால் எல்லாக் காலும் கறுப்புதான். அப்போது நடத்தையைப் பாருங்கள்: கொசு உள்ளான் அங்குமிங்கும் ஓடி ஓடிக் கொத்தும்; டெம்மிங்க் குனிந்தபடி மெதுவாக, செடிகளின் ஓரமாகவே ஊர்ந்து போகும், மேலே சலிப்பான சாம்பல் பழுப்பு, மார்பிலும் அதே நிறம் பட்டையாக இறங்கியிருக்கும். எழுந்து பறந்தால் வாலின் ஓரச் சிறகுகள் வெள்ளை. கொசு உள்ளானுக்கு அவை சாம்பல்.

ரஃப் என்று ஒன்று இருக்கிறது. கால் ஆரஞ்சாகவும் இருக்கும், பச்சையாகவும் இருக்கும், ஆண் பறவை பெண்ணைவிட நன்றாகப் பெரிது, ஒரே கூட்டத்தில் இரண்டையும் பார்த்தால் இரண்டு இனம் என்றே எழுதத் தோன்றும். எதிலும் சேராத ஒரு உள்ளான் கிடைத்தால் 'இது ரஃப்பா?' என்று முதலில் கேட்டுப்பாருங்கள். சின்னத் தலை, கொஞ்சம் கூன் விழுந்த முதுகு, தலையைவிடப் பெரிதாக நீளாத அலகு, இதெல்லாம் இருந்தால் பெரும்பாலும் அதுதான்.

அலகு பொய் சொல்லாது, குறைந்தபட்சம் காலைவிடக் குறைவாகச் சொல்லும். பச்சைக்காலியின் (கிரீன்ஷாங்க்) அலகு அடியில் தடித்து நுனியில் லேசாக மேல்நோக்கி வளையும். சதுப்பு உள்ளானுக்கு அது ஊசி மாதிரி நேராக, மெல்லியதாக இருக்கும். பச்சைக்காலி 30 செ.மீ.க்கு மேல் வரும், சதுப்பு உள்ளான் 25 செ.மீ. அளவில் நின்றுவிடும், ஆனால் தனியாக நிற்கும் பறவையின் அளவைக் கண்ணால் எடைபோட முடியாது, பக்கத்தில் தெரிந்த பறவை ஒன்று வரும்வரை காத்திருங்கள். பவளக்காலியிலும் (ரெட்ஷாங்க்) அலகுதான்: சாதாரண பவளக்காலிக்கு அடிப்பகுதியில் மேல் கீழ் இரண்டும் சிவப்பு, ஸ்பாட்டட் ரெட்ஷாங்குக்குக் கீழலகில் மட்டும்.

அப்புறம், பறக்கும் நேரம். கூட்டம் எழுந்தால் பலர் அலுத்துக்கொள்வார்கள், எனக்கு அதுதான் விடைத்தாள். இறக்கையில் வெள்ளைப் பட்டை இருக்கிறதா, பிட்டம் வெள்ளையா, வெள்ளை முதுகில் ஏறுகிறதா, வால் எப்படி, இவ்வளவுதான். கருவால் மூக்கனுக்கு (மூக்கன் என்பது நீண்ட அலகுள்ள காட்விட்) இறக்கையில் பளீரென்ற வெள்ளைப் பட்டை, பட்டைவால் மூக்கனுக்கு அது கிடையாது. பவளக்காலிக்கு இறக்கையின் பின்விளிம்பில் அகலமான வெள்ளை. உட்கார்ந்த நிலையில் நிறைய படம் எடுப்பதைவிட இறக்கை விரித்த ஒரு மங்கலான படம் அதிகம் சொல்லும். அதற்காகக் கூட்டத்தை விரட்டாதீர்கள், மேய்ந்து கொழுப்பு சேர்க்க வந்தவை அவை, தானாக எழும்.

குரலையும் இதே மாதிரி ஒன்றொன்றாகப் பிடியுங்கள். பச்சைக்காலி 'தியூ தியூ தியூ' என்று மூன்றையும் ஒரே அழுத்தத்தில் கத்தும், பவளக்காலியின் குரல் போகப்போகத் தாழும். பறவைக் குரலைக் கேட்டு இனம் சொல்லும் மெர்லின் செயலியைத் திறந்து வைக்கலாம், ஆனால் அது சொல்வதற்கு முன் உங்கள் யூகத்தைச் சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் காது பழகாது. குறிப்பும் அப்படித்தான்: பார்த்ததைக் கோணல்மாணலாக வரைந்து, அலகு, புருவம், கால் நீளம் எல்லாம் எழுதிய பிறகே கையேட்டைத் திறக்க வேண்டும். முதலில் படத்தைப் பார்த்துவிட்டால் படத்தில் இருப்பது பறவையிலும் தெரிய ஆரம்பித்துவிடும்.

மணல் உப்புக்கொத்திகளை (சேண்ட் ப்ளோவர்) மட்டும் கடைசிக்குத் தள்ளிவையுங்கள். சின்ன மணல் உப்புக்கொத்தியா பெரிய மணல் உப்புக்கொத்தியா என்பதற்கு அலகின் நீளமும் தடிமனும்தான் முக்கியத் துப்பு, அதிலும் இடைப்பட்டவை வரும், போதாக்குறைக்குச் சின்னதையே சமீபத்தில் சைபீரிய, திபெத்திய என்று இரண்டாகப் பிரித்துவிட்டார்கள். பார்த்த பறவைகளைப் பதியும் ஈபேர்ட் தளத்தில் இனம் உறுதியாகத் தெரியாத உப்புக்கொத்திகளை இரண்டு பெயருக்கும் நடுவில் சாய்கோடு போட்ட பொதுப் பெயரிலேயே பதியலாம், நான் தாராளமாக அப்படித்தான் பதிகிறேன்.