பாமினி காலம்

விண்டோஸ் 98 என்றாலே எனக்கு, வன்தட்டில் சிதறிக் கிடக்கும் கோப்புகளை ஒழுங்குபடுத்தும் டிஃப்ராக் திரைதான் ஞாபகம். குட்டிக் குட்டிக் கட்டங்கள் ஒவ்வொன்றாக நிறம் மாறும். வேலைவெட்டி இல்லாமல் அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்போம். டிஃப்ராக்கே தேவைப்படாத இன்றைய எஸ்எஸ்டி சேமிப்பகத்தில் அந்தச் சுகம் ஏது!

ஆனால் தமிழில் தட்டச்சு செய்வதற்கு மட்டும் அந்தக் காலம் திரும்பவே வேண்டாம் சாமி. ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் எழுத்துகளை வைத்திருக்கும் பாமினி எழுத்துருவில் அடித்த கடிதத்தை 1.44 எம்பி ஃப்ளாப்பியில் எடுத்துப்போய், அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால், ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகக் கொட்டிக் கிடக்கும். அதனால் கடிதத்தோடு எழுத்துருவையும் சேர்த்துச் சுமக்க வேண்டும். டாம், டாப், டிஸ்கி என்று ஆளுக்கொரு குறியாக்கம் (எழுத்துகளுக்கு எண் கொடுக்கும் முறை) வேறு.

விண்டோஸ் 2000-இல் தமிழுக்கு யூனிகோடு என்ற பொதுக் குறியாக்கமும் லதா எழுத்துருவும் வந்த பிறகுதான் மூச்சு வந்தது. டிடிபி கடைக்காரர்கள் சிலர் மட்டும் இன்னும் பாமினியை விட்டபாடில்லை.