கன்ட்ரோல் வேலை செஞ்சிருக்கு

அந்தத் தம்பி கேட்டது ஒரே ஒரு கேள்விதான். "அக்கா, இது ரியல் ஸ்டெயின்தானே?" நான் சொன்னது, "கன்ட்ரோல் வேலை செஞ்சிருக்கு, தம்பி." நடந்தது 2013இல், நான் ஸ்லைடு போடுகிற லேபில், சாயங்காலம் ஆறு மணி தாண்டியிருக்கும். ஸ்டெயின் என்றால் திசுவில் தேடுகிற பொருள் எங்கே இருக்கிறது என்று காட்ட ஏற்றுகிற நிறம், கன்ட்ரோல் என்றால் அந்த நிறம் ஒழுங்காக ஏறுகிறதா என்று பார்க்கக் கூடவே வைக்கிற துண்டு. நான் சொன்னதில் பொய் எதுவும் இல்லை. ஆனால் அவர் கேட்டதற்கு அது பதில் இல்லை என்பது சொல்லும்போதே எனக்குத் தெரியும்.

அவர் மூட்டு, தசை அழற்சி நோய்களைப் பார்க்கிற ருமட்டாலஜியில் பயிற்சி டாக்டர். நாலு பேர் இருந்தால் நான் அவரை டாக்டர் என்பேன், தனியாக இருந்தால் தம்பி. அவரும் அப்படித்தான், ஆள் இல்லாதபோது மட்டும் அக்கா. தசை அழற்சி நோயாளிகளின் பயாப்ஸியில், பெண் ஹார்மோனான ஈஸ்ட்ரோஜனைப் பிடிக்கிற ஏற்பி இருக்கிறதா என்று பார்க்க ஒரு சின்ன ஆராய்ச்சி எடுத்திருந்தார். நியாயமான கேள்விதான். தோலையும் தசையையும் தாக்குகிற டெர்மட்டோமயோசைட்டிஸ் ஆண்களைவிடப் பெண்களுக்குக் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு வருகிறது, அதே குடும்பத்தைச் சேர்ந்த இன்க்ளூஷன் பாடி மயோசைட்டிஸ் மட்டும் 50 வயதைத் தாண்டிய ஆண்களைத்தான் அதிகம் பிடிக்கிறது. தசை இழையிலும் இந்த ஏற்பி உண்டு, தசை அடிபட்டால் பழுது பார்க்கிற சாட்டிலைட் செல்லிலும் உண்டு, உள்ளே புகுந்து சண்டை போடுகிற வெள்ளணுக்களிலும் உண்டு. அப்படியானால் வீங்கிய தசையில் யாரிடம் எவ்வளவு இருக்கிறது? அதைத்தான் அவர் பார்க்க நினைத்தார்.

ஏற்பியில் இரண்டு வகை. ஆல்ஃபா என்பது 1950களின் கடைசியில் சிகாகோவில் எல்வுட் ஜென்சன் ஆரம்பித்து வைத்த கதை. பீட்டா 1996இல்தான் வந்தது, ஸ்வீடன்காரர்கள் எலியின் புராஸ்டேட்டிலிருந்து எடுத்தார்கள். ஆல்ஃபா எனக்குக் கைப்பழக்கம். மார்பகப் புற்றுநோய் ஸ்லைடில் தினமும் போடுகிற ஸ்டெயின்தானே. செல்லின் கரு பழுப்பாகும், மற்றதெல்லாம் நீலமாக இருக்கும். நூறு கருவில் ஒன்று பழுப்பானாலும் பாசிட்டிவ் என்பது 2010இலிருந்து கணக்கு. அந்த ஒரு கருவை வைத்து ஒரு அம்மாவுக்கு ஈஸ்ட்ரோஜனைத் தடுக்கிற டமாக்சிஃபென் மருந்து கொடுப்பதா வேண்டாமா என்று முடிவாகும். அதனால் அந்த ஸ்லைடு கொஞ்சம் மங்கினாலும் பெரிய டாக்டர் என்று பார்க்க மாட்டேன், "இது சரியில்லை, திரும்பப் போடுறேன்" என்று தூக்கிக்கொண்டு போய்விடுவேன். இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், எனக்கு வாய் இல்லாமல் இல்லை.

தசை விஷயமே வேறு. உப்புநீரில் நனைத்துப் பிழிந்த துணியில் சுற்றி வரும், வந்த உடனே திரவ நைட்ரஜனில் குளிர்ந்த ஐசோபென்டேனில் முக்க வேண்டும். கொஞ்சம் மெதுவாக உறைந்தால் உள்ளே ஐஸ் படிகம் கட்டி, வெட்டிப் பார்த்தால் ஆப்பத்தின் நடுப்பகுதி மாதிரி பொத்தல் பொத்தலாக இருக்கும். அவர் கொண்டுவந்த துண்டுகளை நான்தான் உறைய வைத்தேன், ஒன்றில்கூடப் பொத்தல் இல்லை. அந்தப் பெருமையும் இதில் கொஞ்சம் சேர்ந்திருக்கிறது என்று நினைக்கிறேன்.

ஆல்ஃபாவில் அங்கொன்றும் இங்கொன்றுமாக மங்கலாக நாலைந்து கரு. பீட்டாவில் எல்லாமே பழுப்பு. கரு மட்டும் இல்லை, இழை முழுக்க. டெர்மட்டோமயோசைட்டிஸில் கற்றையின் ஓரத்து இழைகள் சூம்பிக் கிடக்கும், அந்த ஓரம்தான் இன்னும் கறுத்திருந்தது. பார்க்க அழகாகத்தான் இருந்தது, அதுதான் எனக்கு உறுத்தியது. செத்த இழை எதைப் போட்டாலும் பிடித்துக்கொள்ளும் என்பது இந்த வேலையில் முதல் வருஷமே தெரிந்துவிடுகிற விஷயம். கன்ட்ரோலுக்கு வைத்த கருப்பைப் பக்கத்துச் சினைப்பைத் துண்டு பழுப்பு, தேடுகிற பொருளில் போய் ஒட்டுகிற புரதமான ஆன்டிபாடியைப் போடாத ஸ்லைடு சுத்தமான நீலம். இரண்டும் சரி. ஆனால் அந்த இரண்டும் சொல்வது நான் ஒழுங்காக வேலை பார்த்தேன் என்பதை மட்டும்தான். குப்பியில் இருக்கிற ஆன்டிபாடி போய் ஒட்டியது பீட்டாவிலா வேறெதிலாவதா என்று தெரிய, பீட்டாவே இல்லாத செல்லில் போட்டுப் பார்க்க வேண்டும். அது எங்களிடம் இல்லை.

அன்று ராத்திரி பன்னிரண்டு மணிக்குள் அவர் மாநாட்டுக்குச் சுருக்கம் அனுப்ப வேண்டும். மூன்றாவது தடவையாகப் போட்ட ஸ்டெயின். ஸ்லைடைப் படிப்பது என் வேலையும் இல்லை, அதற்குப் பேத்தாலஜிஸ்ட் இருக்கிறார், அவரும் பார்த்துவிட்டுத் தலையாட்டினார். நானாக என்ன சொல்லியிருக்க முடியும்? "தம்பி, கரு மட்டும் இல்லை, எல்லாமே பழுப்பாயிருக்கு, எனக்கு நம்பிக்கை இல்லை" என்று சொல்லியிருக்க முடியும். அவ்வளவுதான், பத்து வினாடி. வெறும் போஸ்டர்தானே, யாருக்கும் மருந்து கொடுக்கப் போவதில்லை என்று நினைத்தேன். அக்கா என்று கூப்பிடாமல் இருந்திருந்தால் சொல்லியிருப்பேனோ என்றும் சில நாள் தோன்றுகிறது.

சில வாரம் கழித்து கேன்டீனில் பார்த்தேன். எனக்கு பாலும் சீனியும் இல்லாத தே ஓ கொசொங் தேநீர் வாங்கிக் கொடுத்துவிட்டு அவராகவே சொன்னார். அந்த நோயாளிகளில் ஒரு அம்மா, மாதவிடாய் நின்ற அடுத்த வருஷமே கை தூக்க முடியாமல் போனவர், "இது நின்னதாலதான் வந்துச்சா டாக்டர்?" என்று கேட்டாராம். "இருக்கலாம்மா, உங்க தசையிலயே அந்த ஹார்மோன் பிடிக்கிற இடத்தைப் பார்த்தோம்" என்று இவர் சொல்லியிருக்கிறார். "அவங்களுக்கு ஒரே நிம்மதி அக்கா, இவ்வளவு நாளா ஏதோ தப்பு செஞ்சிட்டதா நினைச்சிட்டிருந்தாங்க." எனக்குத் தேநீர் இறங்கவில்லை. சிரித்தேன் என்று நினைக்கிறேன்.

2017இல் ஒரு ஆய்வு வந்தது. பீட்டாவுக்கென்று விற்கிற 13 ஆன்டிபாடிகளை எடுத்துச் சோதித்துப் பார்த்ததில் ஒன்றே ஒன்றுதான் உருப்படியாகப் பீட்டாவைப் பிடித்தது. எங்கள் குப்பி பட்டியலில் இருந்தது, அந்த ஒன்றாக இல்லை. அதைப் படித்தபோது வந்தது அதிர்ச்சி இல்லை, நான் சரியாகத்தான் பார்த்திருக்கிறேன் என்ற திருப்தி முதலில் வந்தது. அது வந்ததற்காக அப்புறம் வெட்கமாக இருந்தது.

ஆனால் ஸ்லைடு தப்பு என்பதால் அவர் யோசனையும் தப்பு என்றாகிவிடுமா? ஈஸ்ட்ரோஜன் தசையைக் காக்கிறது என்பதற்கு வேறு வழியில் சாட்சி உண்டு, கடுமையான உடற்பயிற்சிக்குப் பிறகு பெண்களின் ரத்தத்தில், தசை சேதமானால் கசிகிற சிகே என்சைம் ஆண்கள் அளவுக்கு ஏறுவதில்லை என்பது பழைய சமாச்சாரம். எதிர்ப்பக்கமும் உண்டு. 2006இல் வந்த ஒரு குறிப்பில் டெர்மட்டோமயோசைட்டிஸ் உள்ள இரண்டு பெண்களுக்கு ஈஸ்ட்ரோஜனை அடக்குகிற மருந்து கொடுத்தபோது தோல் தடிப்பு குறைந்திருக்கிறது, ஒருவருக்கு டமாக்சிஃபென், இன்னொருவருக்கு அனஸ்ட்ரோசோல். காக்கிற ஹார்மோன் என்றால் அடக்கியதும் ஏன் குறைய வேண்டும்? இழைக்கு ஒன்று, வெள்ளணுவுக்கு வேறொன்று செய்கிறதோ என்னவோ. இரண்டே பேர், அதை வைத்து என்ன பேச. ஆக அந்த அம்மாவிடம் அவர் சொன்ன "இருக்கலாம்" இன்றைக்கும் தப்பில்லை. "பார்த்தோம்" என்பதுதான் தப்பு. அந்தப் "பார்த்தோம்" என் கையிலிருந்து போனது.

போன வருஷம் ஒரு கல்யாணத்தில் அவரைப் பார்த்தேன், இப்போது பெரிய டாக்டர், வேறு துறை. இலையில் பாயசம் வருவதற்குள் சொல்லிவிட்டேன். சிரித்தார். "அந்த ஆன்டிபாடியா? அப்ப எல்லாரும் அதைத்தானே அக்கா யூஸ் பண்ணாங்க." பிறகு பிள்ளைகளின் படிப்பைப் பற்றிப் பேசினோம். அந்த அம்மா எப்படி இருக்கிறார் என்று கேட்க நினைத்து, கேட்கவில்லை.

அந்த அம்மாவின் தசையில் வெட்டி, ஸ்டெயின் போடாமல் விட்ட மூன்று ஸ்லைடுகள் மைனஸ் 80 ஃப்ரீசரில் இருக்கின்றன. இப்போது நல்ல ஆன்டிபாடி கிடைக்கிறது, ஒரு பகல் வேலை. ஆனால் அந்த ஆராய்ச்சி முடிந்து மூடியாகிவிட்டது, சிங்கப்பூரின் 2015 மனித உயிர்மருத்துவ ஆராய்ச்சிச் சட்டத்துக்குப் பிறகு கொடுத்தவர் சம்மதம் இல்லாமல், ஆராய்ச்சி நெறிக்குழுவான ஐஆர்பியின் அனுமதி இல்லாமல் ஒரு துண்டைத் தொட முடியாது, நியாயமும் அதுதான். போன மாதம் ஃப்ரீசரில் பனி சுரண்டும்போது அந்தப் பெட்டியை வேறு தட்டுக்கு மாற்றி வைத்தேன். மேலே இருந்த நம்பர் அழிந்துகொண்டு வந்தது, பேனா எடுத்து அதன்மேலேயே திரும்ப எழுதினேன்.